வாடை வருதா?

எங்கள் அலுவலகத்தில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. கெட்ட வார்த்தைகளுக்கு இல்லை. அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தினோம்; மழை பெய்த மறுநாள் ராஜபாளையம் சாலையில் குழி தோண்டிப் பார்த்தவர்களுக்கு அவற்றின் அவசியம் புரியும். தடை ‘ஒண்ணுமில்ல’ என்ற சொல்லுக்கு.

தடை போட்டவர் அக்கா. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெருவடியில் குழாய் பதித்து வீட்டுக்கு வீடு கேஸ் கொடுக்கும் கம்பெனியில், இரண்டு ஊருக்கும் சேர்த்து அவர்தான் பொறுப்பு. மேடம் என்று கூப்பிட்டால் பின்னால் யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார். அதனால் எல்லோருக்கும் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த வெல்டருக்கும் அக்கா.

"போன எடுத்ததும் ஒண்ணுமில்லன்னு ஆரம்பிக்காதீங்கய்யா, ஈரக்கொல நடுங்குது. நம்ம சனம் ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்னு ஆரம்பிச்சு, மழை தண்ணியெல்லாம் பேசி முடிச்சு, வைக்கப்போற நேரத்துல, பொறவு நம்ம மாமா தவறிட்டாருன்னு சொல்லும். எனக்கு மாமாவ மொதல்ல சொல்லுங்க. மழைய பொறவு பேசுவோம்" என்பார்.

பயப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் தினமும் ஒருவரைப் பார்க்கிறேன். ஆனால் பயப்படுவதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு, காலையில் குளித்துப் பொட்டு வைத்து, டிபன் பாக்ஸோடு வந்து ஒழுங்காகச் செய்துவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான்.

எங்கே போனாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "வாடை வருதா?" டீக்கடையில் கேட்பார், பூக்கட்டுகிறவரிடம் கேட்பார், பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவரிடம் கேட்பார். ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்ற வந்தவரிடம் ஞாபக மறதியாகக் கேட்டுவிட்டார். அந்த மனுஷன் வாளிக்குள் மூக்கை விட்டு முகர்ந்து பார்த்து, "இல்லம்மா, இப்பத்தான் எறக்கினது" என்றார்.

கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. முற்றும் துறந்த சாமியார் மாதிரி வரும், இருப்பதே தெரியாது. கசிந்தால் ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமே என்று, பெருங்காயத்துக்கும் அழுகிய முட்டைகோஸுக்கும் பிறந்த பிள்ளை போல நாறும் ஒரு மருந்தை அதில் சொட்டுச் சொட்டாகக் கலப்பார்கள். அந்த நாற்றம்தான் ஊருக்குக் காவல்.

என் வேலை, குழாய் போகும் வழியெல்லாம் கையில் டிடெக்டரோடு நடப்பது. எங்காவது கசிந்தால் அது கீச்சிடும். ராஜபாளையத்தில் உலகப் பிரசித்தி பெற்ற நாய் இருக்கும்போது என்னை எதற்கு எடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நாய்க்குக் கறி போட வேண்டும். எனக்குப் பழைய சோறு போதும். தவிர, நாய் எதிர்த்துக் குரைக்கும்.

அக்கா ராஜபாளையத்துத் தெலுங்குக்காரர். எங்களிடம் பேசுவது தமிழ்தான். ‘தம்பி’ என்றால் மனசு சமாதானமாக இருக்கிறது. ‘ஏலே’ என்றால் கோபம். ‘ஏமிரா’ என்று வீட்டுத் தெலுங்கு வந்துவிட்டால் நெஞ்சுக்குள் பயம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்போது விளக்கம் கேட்காமல் ஓட வேண்டும். எந்தத் திசையில் என்பதை ஓடிக்கொண்டே கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு நாள் ஏதோ சாவி கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் பளபளவென்று கரண்டு அடுப்பு. தெருவுக்கே கேஸ் கொடுக்கிறவர் வீட்டில் கேஸ் இல்லை!

"என்னக்கா இது அநியாயம்?"

"வீட்டுலயாவது நான் தூங்க வேண்டாமா தம்பி?"

அந்தக் கரண்டு அடுப்பும் அவருக்கு ஒரு பயம்தான். ஊர் முழுக்க அதற்குப் போய்விட்டால் குழாயெல்லாம் என்ன ஆகும்? பூமிக்கடியிலிருந்து எடுத்ததை எரித்து எரித்து உலகம் சூடாகிறது, இது இப்படியே ஓடாது என்பது அவருக்கு எங்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. "இம்புட்டுக் குழாயும் நான் நின்னு பொதைச்சது. உள்ள ஓடுறத மாத்தினாத்தான் குழாய் பொழைக்கும். இல்லன்னா மண்ணுக்குள்ள செத்த பாம்பா கெடக்கும். நாமளும் கூடக் கெடக்க வேண்டியதுதான்" என்பார்.

அதனால்தான் சாண கேஸ் வந்தது. வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு ஆலை. மாட்டுச் சாணத்தையும் பால் பண்ணைக் கழிவையும் புளிக்க வைத்து, வருகிற கேஸைச் சுத்தம் செய்து, எங்கள் குழாயில் ஏற்றுவதாக ஏற்பாடு. கம்பெனியின் பெரிய அதிகாரிக்கு இதில் பாதி மனசுதான். அக்காதான் மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்து ஒப்புதல் வாங்கி வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் ஒரு பால்கோவாக் கடைக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. தலைமுறை தலைமுறையாக விறகும் முந்திரிக்கொட்டை ஓடும் போட்டு எரித்துப் புகையில் இருமிக்கொண்டிருந்தவர். அவரையும் அக்கா உட்கார்ந்து பேசிப் பேசிக் கேஸுக்கு மாற்றினார்.

"மாடு குடுத்த பால மாடு குடுத்த கேஸுல காய்ச்சுங்க அண்ணாச்சி. புகையும் இல்ல, பாவமும் இல்ல."

அண்ணாச்சி யோசித்துவிட்டு, "நீ இம்புட்டுப் பயந்துக்கிட்டே சொல்லுத பாரு, அதனாலதான் நம்புதேன். சிரிச்சுக்கிட்டே வந்தவன் எல்லாரும் எனக்கு ஏதோ ஒண்ண வித்துட்டுப் போயிட்டான்" என்றார்.

சாண கேஸ் வரப்போகும் நாளை ஆட்டோ வைத்து ஊருக்கு அறிவித்தோம். அன்று காலையிலிருந்து போன் ஓயவில்லை. அடுப்பில் சாணி வாடை, தோசையில் சாணி வாடை. ஒருவர் காப்பியைத் துப்பிவிட்டதாகச் சொன்னார். விஷயம் என்னவென்றால், ஏதோ ஒரு அனுமதி வராததால் அன்றைக்கு வால்வையே திறக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது அதே பழைய கேஸ். அலுவலகத்தில் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

"இல்லாத வாடை இம்புட்டுப் பேருக்கு வருதுன்னா, இருக்கற வாடை வராமப் போறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"

நான் அதற்கும் சிரித்தேன். எனக்கு மூளை கொஞ்சம் தாமதமாக வரும், பாசஞ்சர் ரயில் மாதிரி.

சில நாள் கழித்து உண்மையிலேயே வால்வைத் திறந்தார்கள். இந்த முறை அறிவிக்காமல் திறந்தார்கள். ஒரு போனும் இல்லை. பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னதும் ஊரே பூரித்துவிட்டது. பசுவிலிருந்து வருவது அல்லவா, அதுதான் இத்தனை சுத்தம் என்றார்கள். ஒரு வீட்டில் மீட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அண்ணாச்சி கடை முகப்பில் ‘பசு கேஸில் செய்த பால்கோவா’ என்று போர்டு ஏறியது. அந்த வாசகத்தை எழுதிக்கொடுத்த மேதை நான்தான். புகாரே இல்லாத வட்டம் எங்களுடையது என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. நான் மீசையை முறுக்கிக்கொண்டேன். இருக்கிற மீசைக்கு அது கொஞ்சம் அதிகம்.

இந்த இடத்தில் மில்லுக்காரரைச் சொல்ல வேண்டும். நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அண்ணாச்சி கடைக்குப் பக்கத்து வீடு, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனி ஆள். அவருடைய லைட்டர் நான்கைந்து தடவை ‘டிக் டிக்’ என்று சிரித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கும். அதற்குள் கொஞ்சம் கேஸ் வெளியே வந்துவிடும். உடனே எங்களுக்குப் போன்: "ஏலே, வாடை வருது!" தினமும் காலையில், டீ போடும் நேரத்தில். புது லைட்டர் வாங்கிக் கொடுத்தும் பார்த்தோம். அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிட்டார். சாண கேஸ் வந்த பிறகு அவரும் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். எனக்கு அது போனஸ் வந்த மாதிரி இருந்தது.

ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள் காலை. அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதி இட்லியில் நிமிர்ந்தார்.

"மில்லுக்காரர் கடைசியா எப்பக் கூப்பிட்டார்?"

"அவர விடுங்கக்கா. இப்பல்லாம் ஒண்ணுமில்ல..."

சொல்லிவிட்டேன். இட்லியை அப்படியே மூடிவிட்டு எழுந்தார்.

மில்லுக்காரர் திடகாத்திரமாக வாசலில் உட்கார்ந்திருந்தார். "வா தாயி, டீ போடுதேன். இப்ப ஒரு நாத்தமும் கெடையாது. என்னா சுத்தம்! முந்தி கொடலப் பொரட்டும்லா? இது பால் மாதிரில்லா இருக்கு."

அக்கா அடுப்படிக்குப் போனார். பற்றவைக்காமல் குமிழைத் திருகினார். ‘ஸ்’ என்ற சத்தம். குனிந்து முகர்ந்தார். என்னை இழுத்துக் குனியவைத்தார். நான் முகர்ந்தேன். மில்லுக்காரரின் அடுப்படி டீத்தூள் மணந்தது. வேறொன்றும் இல்லை. குமிழை மூடினார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"ஏமிரா?" என்றார்.

நான் வண்டியை நோக்கி ஓடினேன்.

வன்னியம்பட்டி போகும் வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து தெலுங்கில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஆலையில் இருந்த பையன், "மருந்து பம்ப் ஓடுதுக்கா, பாருங்க, ஸ்கிரீன்ல பச்சை" என்றான். பம்ப் ஓடியது உண்மை. அதற்குள் காற்று அடைத்துக்கொண்டு, ஓடி ஓடி ஒரு சொட்டு மருந்தையும் தள்ளவில்லை என்பதும் உண்மை. ஸ்கிரீன் அது ஓடுவதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது, எங்கள் ஆபீசில் என்னைப் பார்க்கிற மாதிரி. அங்கிருந்து குழாய் முதலில் போய்ச் சேருவது ரத வீதிகளுக்கு. அத்தனை நாளாக அந்தத் தெருக்களில் வாடையே இல்லாத கேஸ் ஓடியிருக்கிறது. எந்த வீட்டில் கசிந்தாலும் யாருக்கும் தெரியாது. ஊரோ, சுத்தம் என்று குங்குமம் வைத்துக்கொண்டிருந்தது.

பெரிய அதிகாரிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது: "பம்பைச் சரி பண்ணிட்டு ஓட்டுங்க. இன்னிக்குப் போய் நிறுத்தினீங்கன்னா பேர் கெட்டுடும். அப்புறம் இந்தச் சாண கேஸைத் திரும்பத் திறக்கறது என் கையில இல்லை. தெரியும்ல?"

தெரியும். எத்தனை நாள் அலைந்து வாங்கியது அது. அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டு, வால்வுச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினார். "ஹலோ, ஹலோ" என்றது போன். என்ன சொல்வது? ஒண்ணுமில்ல சார் என்றா?

அடைத்தால் மட்டும் போதாது. குழாய்க்குள்ளும் வீடுகளிலும் கிடக்கும் வாடையில்லாத கேஸைத் தள்ளிவிட்டு, வாடையுள்ள பழைய கேஸ் வந்து சேர வேண்டும். அதுவரை ரத வீதிகளில் ஒரு அடுப்பும் எரியக் கூடாது. எங்கள் ஆட்கள் வீடு வீடாகப் போய் மீட்டர் குழாயை மூடத் தொடங்கினார்கள். அக்காவும் நானும் அண்ணாச்சி கடைக்குள் நுழைந்தோம். தேர்க் கூட்டத்துக்காகப் பால் கேன்கள் வாசல் வரை அடுக்கியிருந்தன. டிடெக்டர் முன்கட்டில் சும்மா இருந்தது. பின்கட்டுச் சரக்கறையில், சீனி மூட்டைகளுக்கு மேலே, பரண் உயரத்துக்கு நீட்டியதும் கீச்சிட்டது பாருங்கள்! அந்தச் சத்தத்தில் பூனை ஓடியது. நானும் ஓடியிருப்பேன், பூனை வழியை மறித்துவிட்டது.

தேர் நெரிசலைச் சமாளிக்க அண்ணாச்சி அங்கே கூடுதலாக ஒரு அடுப்பு போட்டிருந்தார். எங்களிடம் சொல்லவில்லை. பழைய சிலிண்டர் காலத்து ரப்பர் டியூபை மாட்டி இழுத்திருந்தார். மாட்டிய இடம் லொடலொடவென்று இருந்தது. கசிந்த கேஸ் மேலே ஏற, அங்கே ஓடிக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் பேன் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது.

அக்கா அந்தப் பேனையே அண்ணாந்து பார்த்தார். "அண்ணாச்சி, நாளைக்குத் தேருக்கு எப்பக் கரண்ட நிறுத்துவாங்க?"

"விடியவே நிறுத்திருவாங்க. கம்பியெல்லாம் கழட்டணும்லா."

"நிறுத்தினா பேன் ஓடாது."

"ஓடாது."

"இந்த அடுப்ப எப்பப் பத்தவைக்கதா இருந்தீங்க?"

மூலையில் சாமி படத்துக்கு முன்னால் நாளைக்காக ஒரு அகல் விளக்கு திரி போட்டுத் தயாராக இருந்தது. அண்ணாச்சியின் கண் அங்கே போய், திரும்பி வந்தது.

ஆனால் வியாபாரி. டியூபைக் கழற்றி எறிந்ததும் அவருக்குக் குரல் திரும்பிவிட்டது. "அதான் தெரிஞ்சுட்டுல்லா? இத விட்டுத்தள்ளு. முன்கட்டு அடுப்பு என்ன பாவம் பண்ணுச்சு? அத ஏன் அணைக்கச் சொல்லுத?"

"இந்தக் கடையில தெரிஞ்சுட்டு அண்ணாச்சி. மத்த வீடுகள்ல?"

"ஏம்மா, நீதான வந்த? வெறகு வேண்டாம், புகை வேண்டாம், பூமி சூடாகுதுன்ன. நம்பி வந்தேன். இப்ப ஊரே தேருக்கு வருது, இம்புட்டுப் பாலையும் நான் என்ன செய்ய, தலையில ஊத்திக்கிடவா?"

"திட்டுங்க. அடுப்ப மட்டும் பத்தவைக்காதீங்க."

"இனிமே கேஸுன்னு இந்த வாசல்படி ஏறின, பாத்துக்க!"

கொல்லையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய விறகடுப்பைத் திறந்தார்கள். முந்திரி ஓடு சடசடவென்று வெடித்து எரிந்தது. அக்கா எந்தப் புகையை அணைக்க இத்தனை நாள் பாடுபட்டாரோ அதே புகைக்குள், விறகு எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றார். நானும் உதவுகிறேன் என்று பாலைக் கிண்டினேன். இரண்டு சுற்றுச் சுற்றியதும் மாஸ்டர் கரண்டியை வாங்கிக்கொண்டு, "தம்பி, நீங்க போய்க் கசிவு பாருங்க" என்றார். என் வாழ்க்கையில் இதைவிட மரியாதையாக யாரும் என்னைத் துரத்தியதில்லை.

மறுநாள் தேர் புறப்பட்டபோது பாதி வீடுகளில் கேஸைத் திறந்துவிட்டிருந்தோம். தேர் அசைந்து வந்து அண்ணாச்சி கடைக்கு முன் நின்றது. எங்கும் கோவிந்தா, கோவிந்தா. என் பக்கத்தில் அக்கா கைகூப்பிக் கண்ணை மூடி, உருகிப்போய் நின்றார். அடடா, இந்தப் பயத்துக்குள் இத்தனை பக்தியா என்று எனக்கே கண் கலங்கியது. கிட்டே பார்த்தேன். மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. முகர்ந்துகொண்டிருந்தார். கற்பூரம், துளசி, வியர்வை, விறகுப் புகை எல்லாவற்றையும் விலக்கி விலக்கி எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

என் சட்டைப் பையில் போன் அடித்தது.

"ஏலே, வாடை வருது! கொடலப் பொரட்டுது! என்ன கேஸு விடுதீங்க?"

போனை அக்காவின் காதில் வைத்தேன். "அய்யா, நல்லா நாறுதா? நெசமாவே நாறுதா?" என்று தேர்ச் சத்தத்துக்கு மேல் கத்தினார். முன்னால் வடம் பிடித்திருந்தவர் திரும்பி முறைத்தார். அக்கா அண்ணாச்சி கடைப் படியில் உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, அடுத்த தெரு?" என்றார்.

பிறகு விசாரணை வந்தது. எதுவும் நடக்கவில்லையே, எதற்கு நிறுத்தினீர்கள் என்று கேட்டார்கள். "எதுவும் நடக்கலன்னுதான் சார் நானும் சொல்லுதேன்" என்றார் அக்கா. நடக்காததற்குச் சாட்சி யார்? கழற்றிய டியூபைக் காட்டினோம். அது டியூப் மாதிரிதான் இருந்தது. சாண கேஸ் நெடுநாள் நின்றுபோனது. அக்காவை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

மறுபடி சாண கேஸைத் திறந்தபோது அக்காவின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். கம்பெனியின் நிலைமை அப்படி. ஸ்கிரீன் என்ன சொன்னாலும் தினமும் ஒரு ஆள் போய் முகர்ந்து பார்க்க வேண்டும் என்பது அக்கா விட்டுப்போன விதி. அண்ணாச்சியிடம் போனேன். கழற்றி வைத்திருந்த போர்டைத் திரும்ப மாட்ட அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "நீ சொல்லி நான் நம்ப மாட்டேன். நீ சிரிக்கிற ஆளு. அந்தப் பயந்தாங்கொள்ளியம்மா சரின்னு சொல்லிச்சா?" அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டேன். பம்ப், டியூப், பேன், பரண் என்று என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டு, கடைசியில் மனசில்லாமல் ‘சரி’ என்றார். அண்ணாச்சி முகம் மலர்ந்தது.

இப்போது ரத வீதிகளில் ஓடுவது பெரும்பாலும் சாண கேஸ்தான். நன்றாக நாறுகிறது. நானும் கல்யாண வீடுகளில் ஜனங்களைத் தொந்தரவு செய்யத் தொடங்கிவிட்டேன். தூக்கம் குறைந்துவிட்டது. போன மாதம் வீட்டில் கரண்டு அடுப்பு வாங்கினோம்.

இதை எழுத உட்கார்ந்தது காலையில். மில்லுக்காரர் டீ போடும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. இன்னும் அவர் கூப்பிடவில்லை. செட்டியார்பட்டியில் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்கிறாள் மனைவி. இருக்கலாம். நேற்றுப் போனில் அவரும் அப்படித்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இப்படி மொகம் வெளிறிப்போயி உக்காந்திருக்கீக? அங்க ஒண்ணுமில்ல" என்கிறாள்.

சொல்லிவிட்டாளே. வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.